வரைந்தவர் பெயர்

ஜூன் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பூனை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. நீங்களும் சித்தியும் எப்படி இருக்கிறீர்கள்? பொடியனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் புவியியல் நோட்டு திறந்திருக்கிறது. காலடிச் சத்தம் கேட்டால் இந்தத் தாள் அதற்குள் போய்விடும்.

ஒரு நல்ல செய்தி. ரகசியம் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஆனாலும் என்னால் அடக்க முடியவில்லை. நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. ஏஜெண்டுகள் கூட்டத்தில், நம் பட்டறையின் மடக்கு ஏணிக்கு நீங்கள் போட்ட பூட்டு தனக்குப் பல் தேய்க்கும்போது தோன்றியதாக அப்பா சொன்னதும், நீங்கள் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொன்னதில்லை. போன வெள்ளிக்கிழமை அப்பா தானாகவே சொன்னார்.

பட்டறை வரைபடங்களின் கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்குமே, வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் என்று. ஒப்புதலில் அப்பா கையெழுத்து இருக்கும். வரைந்தவர் கட்டம் மட்டும் எப்போதும் காலி. "நம்ம வீட்டுல யார் வரைஞ்சா என்ன, கம்பெனிதான் வரைஞ்சுது" என்று அப்பா சொல்வார். நீங்களும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விடுவீர்கள்.

அந்த வரைபடக் கட்டை அப்பா வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். "செக்ரட்டரி, இங்க வா. எல்லாத்துலயும் உன் சித்தப்பன் பேரை எழுது. அவன் எழுதின மாதிரியே இருக்கணும். அவன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதித்தானே டீச்சர்கிட்ட திட்டு வாங்கின" என்றார்.

நாற்பத்தோரு படங்கள், சித்தப்பா. ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், அந்தந்த வருஷத்துத் தேதி. நீங்கள் ஏழு போடும்போது நடுவில் இழுக்கும் சின்னக் கோட்டைக்கூட நான் விடவில்லை. பார்த்தால் நீங்களே எழுதியதாகத்தான் சொல்வீர்கள். முடித்ததும், "சித்தப்பா திரும்பி வருவாராப்பா?" என்று கேட்டேன்.

"வருவான். வராம எங்க போவான்" என்றார்.

பதில் வீட்டுக்கு எழுதாதீர்கள். உறையின் பின்னால் பேக்கிங் அக்காவின் வீட்டு விலாசம் எழுதியிருக்கிறேன். ஏணிக்கு லேபிள் ஒட்டுகிற அக்காதான், பொடியன் பிறந்ததையும் உங்கள் விலாசத்தையும் எனக்குச் சொன்னதும் அவர்கள்தான். டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார்கள்.

சித்திக்கு என் வணக்கம். பொடியனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உங்கள்,
பூனை

*

ஜூன் 20

அன்புப் பூனைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொடியனுக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்திருக்கின்றன. கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். உன் சித்திக்கு ஜலதோஷம். நான் வேலை செய்யும் கேட், கிரில் பட்டறையில் வெளிச்சம் போதவில்லை, கண்தான் அவ்வப்போது எரிகிறது. மற்றபடி குறையில்லை. அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ எழுதியிருந்ததைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். அவள் பொடியனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சில விஷயங்கள் கேட்கிறேன். தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் யாரிடமும் போய்க் கேட்காதே. சமீபத்தில் வெளியாட்கள் யாராவது பட்டறைக்கு வந்தார்களா? அந்த வரைபடக் கட்டுக்குள் லாக் பின் படம் இருந்ததா? ஏணியை விரித்ததும் மடங்கிவிடாமல் பிடித்திருக்குமே குறுக்குக் கம்பி, அதன் படம். அதில் கம்பியின் கனம் எவ்வளவு என்று போட்டிருந்தது?

இரவில் வெகுநேரம் விழித்திருக்காதே. உனக்கு இது பத்தாம் வகுப்பு.

அன்புடன்,
சித்தப்பா

*

ஜூன் 28

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் ஜலதோஷம் சரியாகிவிட்டதா? உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். கடிதத்தை இரண்டு முறை படித்தும் சந்தோஷம் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நம்பவில்லை போலிருக்கிறது. அதனால் திங்கட்கிழமை நடந்ததையும் சொல்கிறேன். பள்ளி விட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். லோடு ஏற்றும் வாசலில் அப்பா எல்லோரையும் நிற்க வைத்திருந்தார். பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டு பேசினார்.

"இந்தக் கம்பெனிய நான் கட்டினேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கட்டினது சுவரு. உள்ள இருக்கற மூளை என் தம்பியோடது. பூட்டு, கீல், லாக் பின், அத்தனையும் அவன் போட்டது. நான் வெறும் வியாபாரி. இத்தனை நாள் சொல்லாதது என் தப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். வெல்டர் அண்ணன் மட்டும் கையுறையைக் கழற்றவே இல்லை. வெளியே வரும்போது, "என்னண்ணே, சித்தப்பாவைப் பாராட்டினா உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "பிடிக்குதும்மா. லாக் பின்னையும் சேர்த்துப் பாராட்டினாரே, அதான் யோசிக்கிறேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, நீ வீட்டுக்குப் போ" என்றார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தோல்பையோடு இரண்டு பேர் வந்தார்கள். அப்பா அவர்களைத் தன் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். எதற்கு வந்தார்கள் என்று பேக்கிங் அக்கா சொன்னார்கள். மே மாதக் கடைசியில் ஒரு பெயிண்டர் மாடிப்படிச் சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது நம் ஏணி மடங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லையாம். அவர் சரியாக விரிக்காமல் ஏறியிருப்பார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் பள்ளி நூலகத்திலும் நம் ஏணிதான் இருக்கிறது. நேற்று பியூன் தாத்தா டியூப் லைட் மாற்ற ஏறினார். நான் ஓடிப் போய் ஏணியின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, நான் என்ன அவ்வளவு குண்டா?" என்று மேலேயிருந்து சிரித்தார். அவர் இறங்கிய பிறகும் எனக்குக் கை விடவில்லை.

லாக் பின் படம் அந்தக் கட்டுக்குள் இருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை.

உங்கள்,
பூனை

*

ஜூலை 3

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே கடவுள் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

நடந்ததை மறந்துவிடு என்று கேட்க மாட்டேன், நானும் மறக்கவில்லை. ஏஜெண்டுகள் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவன், மேடை கிடைத்ததும் கொஞ்சம் ஆடிவிட்டேன். நீ ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும். நீ பேசாமல் பெட்டி கட்டினாய்.

இப்போது முறைப்படி செய்ய நினைக்கிறேன். தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் ஆரம்ப நாளிலிருந்தே உன்னுடையது என்று ஒரு பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன். நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும். எடை குறைந்த ஏணிக்காகச் சிறுதொழில் சங்கத்தில் எனக்குக் கொடுத்த கேடயத்தில் உன் பெயரையும் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். வாசலில் இரண்டு பெயர்ப் பலகை. உன்னுடையது மேலே இருக்கட்டும்.

ஜூலை பதினைந்துக்குள் வந்துவிடு. தாமதிக்காதே.

உன் அண்ணன்

*

ஜூலை 3, இரவு

சித்தப்பா,

நலம் விசாரிக்காமல் தொடங்குவதற்கு மன்னியுங்கள். இன்று காலையில் எழுதி, என் கையெழுத்தில் வரும் அப்பாவின் கடிதத்தை நம்பி வந்துவிடாதீர்கள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கத்திலேயே நின்று ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். ஒரு புள்ளிகூடக் கூடுதலாக வைக்க முடியவில்லை.

சாயங்காலம் வக்கீல் வந்திருந்தார். காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வரும்போது கதவு முழுவதும் மூடவில்லை.

"ஒப்புதல் கையெழுத்து உங்களோடதுதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமா. ஆனா எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது சார். என் தம்பி கொடுத்தான், போட்டேன்."

"அதான் அன்னிக்கே சொன்னேன், வரைஞ்சவர் பேரு ஒவ்வொண்ணுலயும் இருக்கணும்னு. அவரே வந்து பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டார்னா, நீங்க விற்றவர், அவ்வளவுதான். ஜெயிலுக்கு அவர் போவாரா நீங்க போவீங்களான்னு நாளைக்கு யாரும் உங்களைக் கேட்க மாட்டாங்க."

அப்பா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "காபி ஆறுது, குடிங்க" என்றார்.

சித்தப்பா, உங்கள் பெயரை நாற்பத்தோரு இடத்தில் எழுதியது நான். ஒவ்வொன்றையும் எழுதி முடித்து ஊதிக் காய வைத்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

வராதீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

பூனை

*

ஜூலை 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள், சித்தி, பொடியன் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. பேக்கிங் அக்காவைத் தினமும் கேட்டு, இப்போது என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர்கள் தலையை ஆட்டிவிடுகிறார்கள். கடிதம் கிடைத்ததா இல்லையா என்றாவது எழுதுங்கள்.

பதினைந்தாம் தேதி நீங்கள் வரவில்லை. நான் அன்று முழுவதும் பள்ளியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா இரண்டு முறை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ரோஷக்காரன். சின்ன வயசுலயும் இப்படித்தான், பந்தைக் கொடுத்தா வாங்கமாட்டான், புடுங்கினாத்தான் அழுவான்" என்று அம்மாவிடம் சொன்னார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

பதினேழாம் தேதி அந்தப் பெயிண்டர் இறந்துவிட்டார். மறுநாள் விசாரணை அதிகாரி வந்து வரைபடக் கட்டை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவே அதை நூலால் கட்டிக் கொடுத்தார்.

நூலக ஏணியின் லாக் பின்னை ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்து பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் இருக்கிறது. நம் வீட்டு மாடிப் பரணுக்குப் போட்டிருக்கும் பழைய ஏணியையும் அளந்தேன், எட்டு. நீங்கள் இருந்தபோது செய்தது அது. ஏன் அளந்தாய் என்று கேட்காதீர்கள்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்,
பூனை

*

ஜூலை 25

அன்புப் பூனைக்கு,

உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. பொடியனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறது. சித்தி கண் விழித்து இளைத்திருக்கிறாள். அம்மாவும் நீயும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

விசாரணை அதிகாரி நேற்று இங்கே வந்தார். நல்ல மனிதர். கிரில் பட்டறையில் நாற்காலி இல்லாததால் பெயிண்ட் டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நாற்பத்திரண்டு படங்களைக் காட்டினார். நீ நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாய். எண்ணும்போது ஒன்று விட்டுப்போயிருக்கும்.

ஒவ்வொன்றையும் காட்டி, "இது உங்க எழுத்துதானா?" என்று கேட்டார். நன்றாகப் பார்த்துச் சொல்கிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார். ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். அது அவருக்குத் தெரியாது.

உன் அப்பாவைப் பற்றி நீ என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பாய். அவருடைய வலது தோளைப் பார். ஏணி வைத்து வைத்துக் காய்த்துப் போயிருக்கும். நான் வரைந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அண்ணன் இல்லாவிட்டால் அந்தப் பூட்டு என் மேசை டிராயரிலேயே செத்துப் போயிருக்கும். அவர் எனக்குத் தர வேண்டியது ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேட்டு வாங்க எனக்கும் வரவில்லை. கேட்டு வாங்குவதா என்று பன்னிரண்டு வருஷம் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். ஒவ்வொரு தடவையும் நானே என் பெயரை எழுதியிருந்தால், இன்று யாரும் உன்னை எழுதச் சொல்லியிருக்க முடியாது. அந்த வீம்பு என்னுடையது.

இந்தக் கடிதத்தை வைத்திருக்காதே.

அன்புடன்,
சித்தப்பா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பொடியனுக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டதா? சித்தி சாப்பிடுகிறார்களா?

நீங்கள் எண்ணியது சரி. நாற்பத்திரண்டுதான். விட்டுப்போகவில்லை, நான்தான் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, கடைசியில் வேறு எதையாவது எழுதி முடித்துவிட்டேன்.

நாற்பத்தொன்றும் முடிந்த மறுநாள் அப்பா ஒரு படத்தைத் தனியாகக் கொண்டுவந்தார். லாக் பின் படம். ஸ்டோரிலிருந்து பழைய வெற்றுத் தாள் ஒன்றும் கொண்டுவந்தார்.

"இதை இந்தத் தாள்ல அப்படியே எடுடா கண்ணு. எட்டுன்னு இருக்கற இடத்துல மட்டும் ஆறு போடு."

"எட்டுதானேப்பா சித்தப்பா போட்டது?"

"எட்டு போட்டா கனம். ஒரு பொம்பளை ஒத்தைக் கையில தூக்க முடியாது. ஆறுதான் சரி. ஆறுன்னு சொன்னதுக்குத்தான் சங்கத்துல கேடயமே கொடுத்தாங்க."

"அப்ப ஆறு நீங்க சொன்னதா?"

அப்பா என் தலையில் கை வைத்தார். கனமாக இருந்தது. "செக்ரட்டரி கேள்வி கேட்கக் கூடாது" என்றார்.

ஆறு போட்டேன். உங்கள் பெயரைப் போட்டேன். நீங்கள் இங்கிருந்த வருஷத்தைத் தேதியாகப் போட்டேன். எட்டு என்று இருந்த தாளை அப்பா அடுப்பில் வைத்தார். எரிந்து முடியும்வரை நின்றார். அப்போதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியும், சித்தப்பா. தெரிந்துகொண்டேதான் உங்களுக்கு நல்ல செய்தி என்று எழுதினேன். நல்ல செய்தி என்று எழுதிவிட்டால் அது நல்ல செய்தியாகிவிடும் என்று நினைத்தேன்.

கம்பெனியில் அப்பா தானாக யோசித்துச் செய்த மாற்றம் அந்த ஒன்றுதான். அதற்குத்தான் உங்கள் பெயரை எழுத வைத்தார்.

அதிகாரியிடம் இது உங்கள் எழுத்து இல்லை என்று சொல்லுங்கள். யார் எழுதியது என்று கேட்டால் என்னைச் சொல்லுங்கள். என்னை நினைத்துத் தயங்காதீர்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லுங்கள்.

இப்போது அம்மா தண்ணீர் குடிக்க வந்தாள். தாளை மறைக்க நேரமில்லை. அவள் பார்த்தாள். "விரலெல்லாம் மை. காலையில அப்பா எழுந்துக்கறதுக்குள்ள கழுவிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள்,
பூனை

*

ஆகஸ்ட் 11

அன்புப் பூனைக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பொடியன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விழுந்தால் எங்களைப் பார்க்கிறான். நாங்கள் சிரித்தால் அவனும் சிரிக்கிறான், பதறினால் அழுகிறான். அதனால் சிரிக்கப் பழகிக்கொண்டோம்.

அதிகாரி நேற்று வந்தார். படங்கள் நாற்பத்திரண்டும் என்னுடையவை, எழுத்தும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்ததில் நான்தான் ஆறு போட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்டது, யாருக்கு நினைவிருக்கும்.

இனி இதைப் பற்றி நீ யாரிடமும் பேச வேண்டாம், எனக்கும் எழுத வேண்டாம். சித்தி கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் இருப்பாள். நான் எங்கே இருப்பேன் என்று அடுத்த மாதம்தான் தெரியும். காலாண்டுத் தேர்வில் கணக்கில் கவனமாக இரு, விடையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
சித்தப்பா

*

ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். இதுவரை நான் எழுதியதெல்லாம் சொந்தக்காரர்களுக்குத்தான். அதிகாரிக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏணிக் கம்பெனி முதலாளியின் மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். தங்களிடம் இருக்கும் படங்களில் நாற்பத்தொன்று என் சித்தப்பா வரைந்தவை. ஆனால் அவற்றில் இருக்கும் அவருடைய பெயரையும் தேதியையும் அவர் எழுதவில்லை. இந்த ஜூன் மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் எழுதினேன். நாற்பத்திரண்டாவதான லாக் பின் படத்தை முதல் கோட்டிலிருந்து கடைசி எழுத்துவரை நான் வரைந்தேன். சித்தப்பா போட்டது எட்டு. ஆறு போடச் சொன்னவர் என் அப்பா.

சித்தப்பா தன்னுடையது என்று எழுதிக் கொடுத்திருப்பது எனக்காக. அவர் அப்படிச் சொல்லவில்லை. இனிமேலும் சொல்ல மாட்டார். அவரிடம் கேட்டால் இல்லை என்பார்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். லாக் பின் படத்தை இப்போது பார்க்காமலே இன்னொரு தடவை வரைந்தது. தங்களிடம் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொல்வது போதாவிட்டால், அவர் இருந்த வருஷங்களில் விற்ற ஏணி ஏதாவது ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் எட்டுதான் இருக்கும். பட்டறையில் இது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பதால் நான் பெயர் சொல்லவில்லை.

அப்பாவை எனக்குப் பிடிக்காது என்று தாங்கள் நினைக்கக் கூடாது. நான் எட்டு வயதில் டைபாய்டில் கிடந்தபோது, வேலை முடிந்து வந்து இரவெல்லாம் விசிறியவர் அவர். அந்த அப்பாவும் இந்த அப்பாவும் ஒருவர்தான் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

இறந்து போனவரை எங்கள் வீட்டில் "அந்த ஆள்" என்றுதான் சொல்கிறார்கள். தங்கள் தாள்களில் அவருடைய பெயர் இருக்கும். வரும்போது எனக்குச் சொல்லுங்கள். அந்த ஆறை எழுதிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பதில் எழுத வேண்டாம், தபால் அப்பா கைக்குத்தான் போகும். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அப்பா வீட்டில் இருப்பார், அப்போது வாருங்கள். அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்ட வேண்டும். அம்மாவால் வேகமாக எழுந்து வர முடியாது, நானே வந்து திறக்கிறேன். யார் வந்திருப்பது, எதற்கு வந்தார் என்று அப்பா உள்ளேயிருந்து கேட்பார். நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
முதலாளியின் மகள்